அட்லாண்டா பிளேடு ஷோவில் பழைய மடக்குக் கத்தி வாங்குவது எப்படி?

பிளேடு ஷோ என்பது அமெரிக்காவில் நடக்கும் பெரிய கத்திக் கண்காட்சி. வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில், வெள்ளி முதல் ஞாயிறு வரை நடக்கும். பல வருடம் கோப் கேலரியாவில் நடந்தது, 2025-ல் ஜார்ஜியா வேர்ல்டு காங்கிரஸ் சென்டருக்கு மாறிவிட்டது. டிக்கெட், பார்க்கிங் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். புதுக் கத்தியை எந்தக் கடையிலும் வாங்கலாம். அதனால் பழைய சரக்கு வைத்திருக்கும் வியாபாரிகளின் மேசைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதிலும் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் தயாராகும் கேஸ் (Case) என்ற கம்பெனியின் கத்திகள். புதிதாகச் சேகரிக்க வருபவருக்கு இதைவிட வசதியான கம்பெனி கிடையாது. ஏன் என்று மூன்றாவது படியில் தெரியும்.

1. கையில் என்ன இருக்க வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், சின்ன டார்ச், மைக்ரோஃபைபர் துணி, ரொக்கம். லென்ஸுக்குப் பதில் போன் கேமரா போதும் என்று நினைக்காதீர்கள். போன் படத்தைத் தானே திருத்திக் காட்டும். மங்கிப்போன எழுத்து, கீறல் எல்லாம் அதில் காணாமல் போகும்.

2. மேசை மரியாதை

கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். அலகைத் தொடாதீர்கள், விரல் ரேகை பட்ட இடத்தில் கார்பன் எஃகு துருப்பிடிக்கும். பட்டென்று மூடக் கூடாது, கட்டைவிரலில் கூர் பார்க்கக் கூடாது. பார்த்து முடித்ததும் துணியால் துடைத்து, மடக்கி, கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். இதைச் சரியாகச் செய்கிறவருக்கு மேசைக்கடியில் இருக்கும் பெட்டியும் திறக்கும்.

3. முத்திரையைப் படிப்பது

பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். அலகைத் திறந்தால் கூர் முடிந்து பிடிக்குள் நுழையும் இடத்தில் கொஞ்சம் தடித்த பகுதி இருக்கும், அதற்கு டேங் என்று பெயர். அதன் ஒரு பக்கம் கம்பெனி முத்திரை, மறுபக்கம் மாடல் எண்.

உதாரணத்துக்கு 6254. முதல் எண் பிடியைச் சொல்கிறது: 6 என்றால் எலும்பு, 5 என்றால் மான்கொம்பு, 3 என்றால் மஞ்சள் செயற்கைப் பிடி. அடுத்த 2, அலகுகளின் எண்ணிக்கை. 54 என்பது டிராப்பர் என்ற வடிவம். ஒரு எச்சரிக்கை: 6 போட்ட சிலவற்றில் எலும்புக்குப் பதில் டெல்ரின் பிளாஸ்டிக் இருக்கும். லென்ஸில் ஓரத்தைப் பாருங்கள், எலும்பு என்றால் பொடிப்பொடியாகத் துளைகள் தெரியும்.

அப்புறம் வருடம். 1970-ல் கேஸ் தன் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் போட ஆரம்பித்தது. ஒவ்வொரு வருடமும் ஒன்றைக் குறைத்தது. ஆக, ஆறு புள்ளி என்றால் 1974. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால்தான் புள்ளிகள் நிழலோடு எழும்பித் தெரியும். அலகை மெஷினில் பாலிஷ் போட்டிருந்தால் ஓரப் புள்ளி ஒன்றிரண்டு அழிந்திருக்கும், எண்ணினால் வருடம் தப்பாக வரும். புள்ளிகளின் வரிசை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலோ, எழுத்தின் விளிம்பு மழுங்கி வழவழவென்று இருந்தாலோ சந்தேகப்படுங்கள். பளபளக்கும் பழைய கத்தியைவிடக் கறுத்துக் கிடக்கும் கத்திதான் எனக்குப் பிடிக்கும். அதில் யாரும் கைவைக்கவில்லை என்று அர்த்தம். கறுப்பு என்பது வேறு, துரு என்பது வேறு. வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மனை போலச் சீராகக் கறுத்திருந்தால் பயமில்லை, செந்நிறத்தில் குழி விழுந்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

4. தேய்மானம்

டிராப்பரில் இரண்டு நீள அலகுகள் உண்டு. ஒன்றைத்தான் பெரும்பாலும் உபயோகித்திருப்பார்கள், சாணை பிடித்துப் பிடித்து அது ஒடுங்கிப்போயிருக்கும். மடக்கிய நிலையில் அதன் முனை பிடிக்குள் ரொம்ப ஆழமாகப் புதைந்திருந்தால் தேய்ந்தது என்று கொள்ளலாம். திறந்து பக்கவாட்டில் லேசாக ஆட்டிப் பாருங்கள். பூட்டு இல்லாத கத்தி இது, முதுகு ஸ்பிரிங்தான் எல்லாம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பேரமே வேண்டாம். பிடியில் ஆணியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்பதையும் லென்ஸில் பார்த்துவிடுங்கள்.

5. விலை

நல்ல சரக்கு வேண்டுமென்றால் வெள்ளி, விலை குறைய வேண்டுமென்றால் ஞாயிறு மதியம். நம் ஊர் மாதிரி பாதியில் ஆரம்பிக்காதீர்கள், முகம் சுளிப்பார்கள். "ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவுக்கு விடுவீர்கள்?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். வேறொருவர் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து விலை சொல்லாதீர்கள்.

6. வீட்டில்

மூட்டில் ஒரு சொட்டு மினரல் ஆயில். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், தோல் பதனிடும் அமிலம் உலோகத்தை அரிக்கும். விமானத்தில் திரும்புகிறவர்கள் கத்தியைச் சுற்றிக் கட்டி, செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும்.

பின்சேர்க்கை: ஏழு புள்ளி இருக்கிறது, 1973-ஆ 1983-ஆ என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 1980-ல் கேஸ் மறுபடியும் பத்திலிருந்து ஆரம்பித்தது. முத்திரையில் CASE என்ற பெயரில் வரும் எஸ் எழுத்தைப் பாருங்கள்: எண்பதுகளின் முத்திரையில் அது மின்னல் கீற்று மாதிரி கூராக வெட்டியிருக்கும், எழுபதுகளில் சாதாரணமாக வளைந்திருக்கும்.

இன்னொருவர் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் பிடி போட்ட பழைய கத்தி வாங்கியிருக்கிறார். அதைத் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். செல்லுலாய்டு சிதையும்போது வரும் ஆவி பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைத்துவிடும்.