வேர்ட்பிரஸில் முதல் வலைத்தளம்: எது எங்கே போய்ச் சேர்கிறது?

வலைத்தளம் நடத்தக் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: எந்தப் பொத்தானை அழுத்தினாலும், "இது கோப்புறைக்குள் போகிறதா, தரவுத்தளத்துக்குள் போகிறதா?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் பின்னால் எந்தச் சிக்கல் வந்தாலும் பதற மாட்டார்.

முன்பெல்லாம் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பாக இருந்தது. அடியில் இருக்கும் தொலைபேசி எண் மாறினால் நாற்பது கோப்புகளையும் திறந்து நாற்பது முறை திருத்த வேண்டும். உள்ளடக்க மேலாண்மை அமைப்பு இந்த வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டது. நீங்கள் எழுதுவது, விவரங்களை அட்டவணைகளாகச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தில் இருக்கும். அது எப்படித் தோன்ற வேண்டும் என்ற வரையறை கோப்புகளில் இருக்கும். யாராவது பக்கத்தைத் திறக்கும்போது மென்பொருள் இரண்டையும் சேர்த்துக் காட்டும்.

ஜூம்லா, துருபல் என்று வேறு அமைப்புகளும் உண்டு. புதியவர்களுக்கு நான் வேர்ட்பிரஸைத்தான் சொல்வேன். பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளிலிருந்து கிளைத்து, மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரின் முயற்சியில் 2003 மே மாதம் வெளிவந்தது. ஜி.பி.எல். உரிமத்தில் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள் என்பதால், யாரும் இறக்கிக்கொள்ளலாம், திருத்தலாம், எந்த சர்வருக்கும் கொண்டு போகலாம். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: வேர்ட்பிரஸ்.ஆர்க் என்பது மென்பொருளை இறக்கும் இடம், வேர்ட்பிரஸ்.காம் என்பது அந்த மென்பொருளைக் கொண்டு தளம் நடத்தித் தரும் வணிகச் சேவை. இங்கே சொல்லப்போவது முதலாவதை நாமே நிறுவி நடத்துவது பற்றி.

படி 1: நிறுவுதல்

பழகுவதற்கு ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைக்கத் தரும் சர்வர் இடம்) எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஸாம்ப் போன்ற மென்பொருளை நிறுவினால் உங்கள் கணினியே ஒரு சிறு சர்வராகிவிடும். வேர்ட்பிரஸ் இயங்கத் தேவையான பி.ஹெச்.பி. மொழியும் தரவுத்தளமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பயமில்லாமல் உடைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். அதற்கு உங்கள் கணினியைவிட நல்ல இடம் இல்லை.

முதலில் வெறும் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கிப் பெயரிடுங்கள். பிறகு வேர்ட்பிரஸ் கோப்புறையை சர்வரில் வைத்து, பிரவுசரில் திறங்கள். மொழி கேட்கும், பட்டியலில் தமிழும் இருக்கிறது. அடுத்த திரையில் தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், அது இருக்கும் சர்வர் ஆகியவற்றைக் கேட்கும். இந்த நான்கும் கான்ஃபிக் என்ற ஒரே கோப்பில் எழுதப்படுகின்றன. கோப்புறையையும் தரவுத்தளத்தையும் இணைக்கும் பாலம் அந்தக் கோப்புதான். "தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை" என்ற செய்தி என்றைக்காவது வந்தால் முதலில் திறந்து பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

கடைசித் திரையில் உங்களுக்கான பயனர் பெயரைக் கேட்கும்போது "அட்மின்" என்று வைக்காதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் முதலில் முயலும் பெயர்களில் அதுவும் ஒன்று. தேடுபொறிகளைத் தவிர்க்கும் தேர்வும் அதே திரையில் இருக்கும். தளம் தயாராகும்வரை அதை இயக்கி வைக்கலாம். ஆனால் தளத்தைத் திறந்த அன்றே நீக்கிவிடுங்கள். இதை மறந்துவிட்டு, தேடினால் தளம் வரவில்லையே என்று மாதக்கணக்கில் வருந்துபவர்கள் பலர்.

படி 2: எழுதத் தொடங்கும் முன் நிலைத்த இணைப்பு

அமைப்புகள் பகுதியில் நிலைத்த இணைப்புகள் என்று ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொரு இடுகைக்கும் எந்த வடிவில் முகவரி அமைய வேண்டும் என்பதை இங்கேதான் தீர்மானிக்கிறோம். இடுகையின் பெயர் மட்டும் வரும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். முதல் இடுகைக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். நூறு இடுகைகள் எழுதி, பலர் இணைப்பு கொடுத்த பிறகு மொத்த அமைப்பையும் மாற்றினால் பழைய இணைப்புகள் அறுந்துபோகலாம்.

தமிழில் எழுதுபவர்கள் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாகவே முகவரியை உருவாக்கிக்கொள்கிறது. அந்தப் பெயருக்குத் தரவுத்தளத்தில் இருப்பது 200 குறிகளுக்கான இடம். யூனிகோடில் உள்ள ஒரு தமிழ்க் குறி முகவரியாக மாறும்போது 9 குறிகளை எடுத்துக்கொள்ளும். அகரம் ஏறிய உயிர்மெய் ஒரு குறி; மற்ற உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என இரண்டு. புள்ளியும் தனியாக ஒன்று. அப்படிப் பார்த்தால் "தமிழ்" என்ற சொல்லில் ஐந்து குறிகள், முகவரியில் 45.

"வலைத்தளம் அமைப்பது எப்படி" என்று ஒரு தலைப்பு வைத்துப் பாருங்கள். முதல் சொல்லில் 9 குறிகள், இரண்டாவதில் 8, மூன்றாவதில் 6. மொத்தம் 23 குறிகளுக்கு 207, இடையில் வரும் இரண்டு சிறு கோடுகளையும் சேர்த்தால் 209. எல்லையைத் தாண்டிவிட்டது. என்ன ஆகும்? கடைசி இகரக் குறி வெட்டுப்பட்டு, முகவரி "எப்பட" என்று முடியும். மூன்றே சொற்கள் கொண்ட தலைப்புக்கே இந்தக் கதி. தமிழ்த் தளங்கள் பலவற்றின் முகவரிகள் பாதிச் சொல்லில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. வெளியிடும் முன் வலப்பக்கப் பலகையில் முகவரியை நீங்களே சுருக்கி எழுதிவிடுங்கள். "வலைத்தளம்-அமைப்பு" போதும். தலைப்பு எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். அது முகவரியைத் தொடாது.

படி 3: இடுகையா, பக்கமா?

நாள் வரிசையில் வந்துகொண்டே இருப்பவை இடுகைகள். "எங்களைப் பற்றி", "தொடர்புக்கு" போல நிலையாக இருப்பவை பக்கங்கள். இரண்டும் தரவுத்தளத்தின் ஒரே அட்டவணையில்தான் இருக்கின்றன; வகை மட்டும் வேறு. இடுகைகளுக்குப் பகுப்பும் குறிச்சொல்லும் உண்டு. பகுப்பு நூலின் பொருளடக்கம் போல. ஐந்தாறுக்கு மேல் தொடக்கத்தில் வேண்டாம். குறிச்சொல் நூலின் கடைசியில் வரும் சொல்லடைவு போல.

2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து எழுதும் பலகை தொகுதிகளால் ஆனது. பத்தி ஒரு தொகுதி, படம் ஒரு தொகுதி, துணைத்தலைப்பு ஒரு தொகுதி. துணைத்தலைப்பு வேண்டிய இடத்தில் பத்தியின் எழுத்தைத் தடித்ததாக்கிச் சமாளிக்காதீர்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். பார்வையற்ற வாசகருக்குப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கு அவை ஒன்றல்ல. துணைத்தலைப்புகளைப் பற்றிக்கொண்டுதான் அவர் பக்கத்தில் நகர்கிறார்.

படம் ஏற்றும்போது நம் கேள்விக்கு இரண்டு விடைகள். கோப்பு, ஆண்டு மாத வாரியாக அப்லோட்ஸ் கோப்புறையில் சேர்கிறது. அதன் தலைப்பும், படத்தைப் பார்க்க முடியாதவருக்காக எழுதும் மாற்றுரையும் தரவுத்தளத்தில் சேர்கின்றன. 150, 300, 768, 1024 பிக்சல் என்று பல அளவுகளில் வேர்ட்பிரஸே நகல்களையும் உருவாக்கி வைக்கும். அதனால் கைப்பேசியில் எடுத்த பெரிய படத்தை அப்படியே ஏற்றாமல், சுருக்கி ஏற்றினால் இடம் மிஞ்சும்.

படி 4: தீம், பிளகின்

தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிப்பது தீம். அதை மாற்றினால் எழுதியது போய்விடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். போகாது. தீம் கோப்புறையில் இருக்கிறது, எழுத்து தரவுத்தளத்தில் இருக்கிறது. தேர்வு செய்யும் முன் மாதிரிப் படத்தை நம்பாமல், நீளமான தமிழ்ப் பத்தி ஒன்றை ஒட்டிப் பாருங்கள். ஆங்கிலத்தை மனதில் வைத்து வரி இடைவெளியைக் குறுக்கிய தீம்களில் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் குறியும் முட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட தீம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தமிழுக்கு ஆகாது.

பிளகின், அதாவது தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல், விஷயத்தில் கை அடக்கம் வேண்டும். சில பிளகின்கள் உங்கள் இடுகைக்குள்ளேயே தங்கள் குறிகளைச் சதுர அடைப்புக்குள் எழுதி வைக்கின்றன. அந்தப் பிளகினை நிறுத்திய மறுநிமிடம் படத்தொகுப்பு இருந்த இடத்தில் வெறும் அடைப்புக்குறிகள் பல்லைக் காட்டும். ஆகவே ஒன்றை நிறுவும் முன், கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, இப்போதைய வேர்ட்பிரஸ் பதிப்பில் சோதிக்கப்பட்டதா என்று அதன் பக்கத்தில் பாருங்கள். பயன்படுத்தாதவற்றை நிறுத்தி வைப்பதோடு விடாமல் நீக்கிவிடுங்கள். நிறுத்தினாலும் அதன் கோப்புகள் சர்வரில் இருக்கும், அவற்றில் ஓட்டை இருந்தால் அதுவும் இருக்கும்.

உங்களோடு வேறு சிலரும் எழுதுகிறார்கள் என்றால் எல்லோரையும் நிர்வாகி ஆக்காதீர்கள். தன் கட்டுரையை மட்டும் எழுதி வெளியிடுபவருக்கு எழுத்தாளர் என்ற நிலை போதும். எழுதலாம், ஆனால் நீங்கள் பார்த்துத்தான் வெளியிட வேண்டும் என்றால் பங்களிப்பாளர்.

படி 5: காப்புநகல்

பல ஆண்டுகளுக்கு முன் என் தளத்தை ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினேன். கோப்புறை முழுவதையும் இறக்கினேன். ஒரு படம்கூட விடுபடவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். பழைய கணக்கை மூடினேன். புதிய இடத்தில் கோப்புகளை ஏற்றி, புதுத் தரவுத்தளத்தின் விவரங்களைக் கான்ஃபிக் கோப்பில் எழுதி, பக்கத்தைத் திறந்தேன். தளத்தின் பெயர் என்ன என்று கேட்கும் நிறுவல் திரை வந்தது. படங்கள் எல்லாம் இருந்தன. இரண்டு ஆண்டுகளாக எழுதியதில் ஒரு வரி இல்லை. எழுத்து தரவுத்தளத்தில் இருந்தது, நான் அதை எடுத்து வைக்கவே இல்லை. அந்த இடுகைகளில் சிலவற்றை நினைவிலிருந்து திரும்ப எழுதினேன், மற்றவை போயே போய்விட்டன.

எனவே காப்புநகல் என்றால் இரண்டு: தரவுத்தளத்தின் ஏற்றுமதிக் கோப்பு ஒன்று, கான்ஃபிக் கோப்பையும் உள்ளடக்கக் கோப்புறையையும் கொண்ட தொகுப்பு ஒன்று. தரவுத்தளத்தை, அதை நிர்வகிக்க உதவும் பி.ஹெச்.பி. மைஅட்மின் திரையில் ஏற்றுமதி செய்யலாம், அல்லது இரண்டையும் சேர்த்தெடுக்கும் பிளகினைப் பயன்படுத்தலாம். எடுத்த நகலை அதே சர்வரில் விட்டுவைக்காதீர்கள். வேர்ட்பிரஸையோ பிளகினையோ பெரிய பதிப்புக்குப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் நகல், பிறகு புதுப்பிப்பு.

இனி, படி 1-இல் உங்கள் கணினியில் அமைத்த சிறு சர்வருக்குத் திரும்புங்கள். வெறும் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, நகலை அதில் இறக்குமதி செய்து, வேர்ட்பிரஸ் கோப்புறைக்குள் நகலெடுத்த கோப்புகளை வைத்து, கான்ஃபிக் கோப்பில் அந்த நான்கு விவரங்களையும் மாற்றுங்கள். தளத்தின் முகவரி தரவுத்தளத்திலும் பதிந்திருப்பதால், ஆப்ஷன்ஸ் அட்டவணையின் தொடக்கத்தில் உள்ள இரண்டு முகவரிகளையும் உங்கள் கணினியின் முகவரியாக்க வேண்டும். பிறகு பக்கத்தைத் திறங்கள். நீங்கள் கடைசியாக எழுதிய இடுகை, அதன் படத்தோடு, திரையில் வருகிறதா என்று பாருங்கள்.