தினம் அரை மணி: நெப்போலியன் பட்டாளத்துக்கு வண்ணம் தீட்டும் வழி

போர் விளையாட்டுப் பொம்மைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிவிட்டு வண்ணமே அடிக்காமல் பரணில் போட்டவர்கள் நிறையப் பேர். கை வராததால் இல்லை, முதல் பொம்மைக்கே ஒரு வாரத்தைக் கொடுத்துவிட்டு, 24 பொம்மைப் படையில் மிச்சமிருக்கும் 23-ஐப் பார்த்து மலைத்துவிடுகிறார்கள். அதனால் முதலில் கணக்குப் போடுங்கள். 28 மில்லிமீட்டர் பொம்மைகளை மொத்தமாக வைத்துச் செய்யும்போது எனக்கு ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. 24 பொம்மைக்கு 18 மணி நேரம், தினம் அரை மணி என்றால் 36 நாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி உட்காருவதை வழக்கமாக்கிக்கொண்டால் படை தானாக வளரும்.

எதில் தொடங்குவது? 1815 வாட்டர்லூ காலத்துப் பிரெஞ்சுக் காலாட்படை, அதிலும் கிரேட்கோட் (சீருடைக்கு மேல் போடும் நீளமான கனத்த கோட்டு) போட்ட சிப்பாய்கள். பிரெஞ்சுச் சீருடை பார்க்க அழகு, ஆனால் நீலக் கோட்டின்மேல் வெள்ளை மார்புப் பட்டி, சிவப்புக் காலர், சிவப்பு ஓரக்கோடு என்று ஒவ்வொரு விளிம்பும் பொறுமையைச் சோதிக்கும். கிரேட்கோட் அத்தனையையும் மூடிவிடுகிறது. போர்க்களத்தில் அந்தக் கோட்டுகள் ஒரே நிறத்திலும் இல்லை. சாம்பல், பழுப்பு, மணல் நிறம் எல்லாம் கலந்து கிடந்தன. நான்கு நிறங்களை மாற்றி மாற்றி அடித்தாலே மாதக்கணக்கில் நடந்து களைத்த படை மாதிரி தெரியும். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த பிரிட்டிஷ் தளபதி வெல்லெஸ்லி, மராட்டியரை வென்று பெயர் வாங்கிய 1803 அசாயே போரை அடுத்ததாக வைத்துக்கொள்ளலாம். அங்கே அவருடைய காலாட்படையில் பெரும்பகுதி மதராஸ் சிப்பாய்கள்தான், நம் ஆட்களைச் செய்யும் சந்தோஷமே தனி. ஆனால் அவர்களுடைய கோட்டு சிவப்பு, அந்த நிறம் சட்டென்று மூடாது, இரண்டு மூன்று பூச்சு கேட்கும், கை பழகட்டும்.

24 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. 1808 பிப்ரவரி ஆணைப்படி பிரெஞ்சு பட்டாலியனில் ஆறு கம்பெனிகள்: நான்கு ஃபியூசிலியர் (சாதாரணக் காலாட்கள்), ஒரு கிரெனேடியர் (பொறுக்கி எடுத்த சிப்பாய்கள்), ஒரு வோல்டிஜர் (முன்னால் சிதறி நின்று சுடும் இலகு காலாட்கள்). கம்பெனிக்கு நான்கு பொம்மை, கணக்கு சரி. அணிவகுக்கும்போது கிரெனேடியர் வலது ஓரம், வோல்டிஜர் இடது ஓரம். ஷாக்கோ தொப்பியின் உச்சியிலுள்ள குஞ்சம்தான் ஃபியூசிலியர் கம்பெனியைச் சொல்லும்: முதல் கம்பெனிக்குக் கரும்பச்சை, இரண்டாவதுக்கு வான நீலம், மூன்றாவதுக்கு ஆரஞ்சு, நான்காவதுக்கு ஊதா. கிரெனேடியருக்குச் சிவப்பு, வோல்டிஜருக்குப் பச்சையும் மஞ்சளும். மிளகு அளவு குஞ்சம்தான், ஆனால் படையை மேசையில் வைத்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான், இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்ததும் அச்சுக் கோடுகளைக் கத்தியால் சுரண்டிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பாட்டில் மூடிகளில் ஒட்டிக்கொள்ளுங்கள், பிடிக்க வசதி. பிரைமர் (முதல் அடிப்பூச்சு) பழுப்பு நிறமாக இருக்கட்டும், பிரஷ் எட்டாத இடம் நிழல் மாதிரி தெரியும். வண்ணம் கலக்கும் பாலெட்டுக்கு டிபன் பாக்ஸில் ஈர டிஷ்யூ, மேலே பட்டர் பேப்பர் போதும், அக்ரிலிக் ரெண்டு நாள் காயாமல் இருக்கும். பிரஷ் நம்பர் 1 ஒன்று நல்லதாக வாங்குங்கள். முனை கூராக இருந்தால் கண் புருவம்கூட அதிலேயே வரும்.

ஒரு உட்காருதலுக்கு ஒரு நிறம். இன்று 24 பேருக்கும் கோட்டு, நாளைக்குக் கால்சட்டை, மறுநாள் துப்பாக்கிக் கட்டை. உள்ளிருந்து வெளியே வாருங்கள்: முகம், கோட்டு, அப்புறம் பட்டை, கடைசியில் உலோகம். குறுக்குப் பட்டைக்கு நேரடியாக வெள்ளை அடிக்காதீர்கள். முதலில் பட்டையைவிடக் கொஞ்சம் அகலமாகக் கரும்பழுப்புக் கோடு, அது காய்ந்ததும் நடுவில் வெளிர் சாம்பல், அதன்மேல் தோள்பட்டை வளைவிலும் மார்பிலும் மட்டும் மெல்லிய வெள்ளை. இரண்டு பக்கமும் மிஞ்சும் அந்த மயிரிழைப் பழுப்புதான் பட்டையைக் கோட்டிலிருந்து பிரித்துத் தூக்கிக் காட்டும். ஃபியூசிலியருக்கு ஒரு பட்டை, கிரெனேடியருக்கு வாளுக்காக இன்னொன்று. முதுகுப் பை ரோமத்தோடு கூடிய மாட்டுத்தோல், அதனால் ஒவ்வொன்றிலும் செம்மை, கருப்பு, வெள்ளைத் திட்டு என்று மாற்றி அடிக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது.

எல்லாம் முடிந்ததும் கரும்பழுப்பு வாஷ் (தண்ணீராக நீர்த்த வண்ணம்) ஒரு தடவை. மடிப்புகளில் இறங்கிக் காய்ந்த பிறகு கோட்டின் மேல்விளிம்புகளில் மட்டும் பழைய நிறத்தைத் திரும்பத் தொட்டுவிடுங்கள். விளையாடும்போது கை நீட்டும் தூரத்திலிருந்துதான் பார்க்கப்போகிறோம், அந்தத் தூரத்தில் நன்றாக இருந்தால் அடுத்ததுக்குப் போய்விடுங்கள்.

வார்னிஷ் விஷயத்தில் மழைநாளை நம்பாதீர்கள். ஒரு நவம்பர் சாயங்காலம், வெளியே தூறிக்கொண்டிருக்கும்போது மொட்டைமாடிக் கூரைக்கு அடியில் நின்று மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். பத்து நிமிடத்தில் 24 பேரும் பனி படர்ந்த மாதிரி வெளுத்துப்போனார்கள், அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. பளபளப்பு வார்னிஷைப் பிரஷால் ஒரு பூச்சு பூசியதும் பெரும்பாலும் தெளிந்தது, மறுபடி வெயில் நாளில் மேட் அடித்தேன். இப்போதெல்லாம் மழைக்காலத்தில் பிரஷால் பூசும் வார்னிஷ் மட்டும்தான்.

கொடிக்கம்பத்தின் உச்சியில் நிற்கும் கழுகுச் சின்னம், பல பட்டாலியன்கள் சேர்ந்த ரெஜிமென்ட்டுக்கு ஒன்றுதான், அது முதல் பட்டாலியனிடம் இருக்கும், எல்லாப் பட்டாலியனுக்கும் ஒட்டிவிடாதீர்கள். 1815 கொடி நெட்டுவாக்கில் நீலம், வெள்ளை, சிவப்பு. காகிதத்தில் அச்சிட்டு ஃபெவிகால் தடவி, ஈரமாக இருக்கும்போதே விரலால் அலை அலையாக மடித்து, வெளுத்துத் தெரியும் ஓரங்களுக்கு அதே நிறத்தைத் தொடுங்கள். பொம்மை நிற்கும் அடித்தட்டான பேஸுக்கு ஃபெவிகால், சலித்த மணல், பழுப்பு, மேலே காய்ந்த பிரஷால் மணல் நிறம், ஒரு ஓரத்தில் புல். பேஸ் அடியில் காந்தத் தாள் ஒட்டி இரும்புத் தகர டப்பாவில் நிறுத்தினால் பயணத்தில் பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) முனைகள் ஒடியாது. டப்பா மூடும் முன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள், கொடிக்கம்பம் எப்போதும் ஒரு விரல் கூடுதலாக நிற்கும்.