முகமூடியிலிருந்து தொடங்காதீர்கள்: தொழில் நோய்த் தடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழிற்கூடப் பாதுகாப்பு வேலைக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் முக்கால்வாசி வேலை. போன மாதம் அப்படி ஒரு இளைஞர் தன் பட்டறையைச் சுற்றிக் காட்டினார். கல் அறுக்கிற இடம். சுவரில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஆள் பெயர் எழுதிய முகமூடி, வாங்கியதற்குக் கையெழுத்துப் போடும் நோட்டு. எல்லாவற்றையும் காட்டிவிட்டு, "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார். அந்தப் பக்கம் கட்டிங் மெஷின் உலர்ந்த கல்லை அறுத்துக்கொண்டிருந்தது. அந்த இளைஞரின் வயதில் நானும் இதையேதான் செய்துவைத்து, இதே மாதிரி பெருமையாக நின்றேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஹெல்மெட், ஷூ, வழுக்கும் தரை பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. விபத்து கண்ணெதிரே நடக்கிறது, அன்றைக்கே எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். தொழில் நோய் மெதுவாக வருவது. இன்று நாம் செய்கிற தவறு பத்து, பதினைந்து வருடம் கழித்து யாரோ ஒருவருடைய எக்ஸ்ரேயில் தெரியும். அதற்குள் மேலாளர் மாறியிருப்பார், நாமும் வேறு இடத்துக்குப் போயிருப்போம்.

முகமூடியிலிருந்து தொடங்குவது

இன்றும் எனக்குக் கோபம் வரவைக்கிற தவறு இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

என் முதல் வேலையும் ஒரு கல் பட்டறையில்தான். சேர்ந்த முதல் வாரமே பெட்டி பெட்டியாக முகமூடி வாங்கிக் கொடுத்தேன். முதலாளிக்குச் செலவு குறைவு, எனக்குப் பாராட்டு. போடாமல் இருந்தவர்களைக் கண்டித்தேன். அங்கே கல் அறுக்கிற அண்ணன் ஒருவர் இருந்தார். நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து கேட்டவர் அவர்தான்.

நான் வாங்கியது மெல்லிய மூன்றடுக்குத் துணி முகமூடி. அதன் ஓரங்கள் கன்னத்தில் ஒட்டவே ஒட்டாது. மூச்சை இழுக்கும்போது காற்று துணி வழியாக வராது, தடை குறைவான பக்கவாட்டு இடைவெளி வழியாகத்தான் வரும். அதைவிடப் பெரிய பிழை, தூசியை நான் கண்ணால் அளந்தது. மெஷின் ஓடும்போது வெள்ளையாகப் புகை மாதிரி எழும், அப்போது எல்லோரும் முகமூடி போட்டிருப்பார்கள். மெஷின் நின்றதும் கொஞ்ச நேரத்தில் காற்று தெளிந்துவிடும். முகமூடியைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் தரையில் விழுந்துவிடும், அல்லது மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிற சிலிக்கா (கல்லில் இருக்கும் கனிமம்) துகள் 10 மைக்ரானுக்கும் குறைவு; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அவ்வளவு நுண்ணிய துகள் அசையாத காற்றில் மணிக்கணக்காக மிதக்கும். காற்று தெளிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த அந்த நேரத்தில்தான் எல்லோரும் முகமூடி இல்லாமல் இருந்தோம். அமெரிக்காவில் 2016-இல் வந்த விதிப்படி, 8 மணி நேர வேலைக்குச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம் சிலிக்காவுக்கு மேல் இருக்கக் கூடாது. தூள் உப்பின் ஒரே ஒரு பரல் கிட்டத்தட்ட அந்த எடைதான் இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடிகிற அளவா இது?

நான் அந்தப் பட்டறையை விட்டு வந்து ஒன்பது வருடம் கழித்து அந்த அண்ணன் கூப்பிட்டார். இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முதலில் காசநோய் என்று மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டிருக்கிறார். பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் சிலிக்கோசிஸ், சிலிக்கா தூசியால் வருகிற நுரையீரல் நோய். "தம்பி, நீங்க சொன்ன மாதிரி ஒருநாள் விடாம மாஸ்க் போட்டேனே" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்து கிடையாது. நுரையீரலில் விழுந்த தழும்பு ஆறாது, தூசியை விட்டு விலகிய பிறகும் நோய் வளரலாம். காசநோய் வருகிற வாய்ப்பும் கூடும். சிலிக்கா தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

சரி, எதிலிருந்து தொடங்க வேண்டும்? ஆபத்தான பொருளையே நீக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். செயற்கைக் குவார்ட்ஸ் கல்லில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா இருக்கும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. நீக்க முடியாவிட்டால் சிலிக்கா குறைந்த வேறு பொருள் கிடைக்குமா என்று தேடுங்கள். அதுவும் முடியாவிட்டால் தூசி பிறக்கிற இடத்திலேயே பிடியுங்கள்: பிளேடு கல்லைத் தொடுகிற புள்ளியில் தண்ணீர் விழ வேண்டும், இல்லையென்றால் அதே புள்ளியில் தூசியை உறிஞ்சுகிற குழாய் இருக்க வேண்டும். சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போதாது. அது தூசியைத் தொழிலாளியின் மூக்கைத் தாண்டித்தான் இழுத்துப் போகும். தண்ணீர் விட்டு அறுத்தாலும் வேலை முடியவில்லை. கீழே தேங்குகிற சேறு காய்ந்தால் திரும்பவும் தூசி, ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும். காய்ந்த தரையில் துடைப்பம் போடவே கூடாது.

இதையெல்லாம் செய்த பிறகும் மிஞ்சுகிற தூசிக்குத்தான் முகமூடி. அதிலும் என்-95 (நுண்துகளில் 95 சதவீதமாவது வடிகட்டுகிற வகை) அல்லது அதற்கு மேற்பட்டது, முகத்தில் இறுக்கமாகப் படிகிறதா என்று ஆள் ஆளாகச் சோதித்துக் கொடுத்தது. தாடி இருந்தால் அது படியாது. தொழிலாளி வருத்தப்படுவாரே என்று இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

முகமூடியை முதலில் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் வேலை முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் தண்ணீர்க் குழாய்க்குப் பணம் கேட்டால், "அதான் மாஸ்க் இருக்கே" என்ற பதில்தான் வரும். என் பட்டறையில் தண்ணீர்க் குழாய் வர நான்கு வருடம் ஆனது. நான் கொடுத்த முகமூடிகள் இல்லாமல் இருந்திருந்தால் அது முன்னாலேயே வந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

கம்ப்ரஸர் காற்றால் உடையை ஊதிக்கொள்வது

இன்றே நிறுத்துங்கள். உடையில் படிந்ததை மூச்சுக்கு அனுப்புகிற வேலை அது.

சத்தம் பழகிவிட்டது என்று சொல்வது

காதுக்குச் சத்தம் பழகாது. "முன்னே மாதிரி இப்போ தொந்தரவா இல்லை" என்று ஒருவர் சொன்னால் அவரைக் கேட்புத் திறன் சோதனைக்கு அனுப்புங்கள். முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த சுருதி ஒலிகள். பேச்சு காதில் விழும், ஆனால் சொற்கள் தெளியாது. வீட்டில் டிவி சத்தம் கூடிக்கொண்டே போகும்.

8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது பரவலாகப் பின்பற்றப்படுகிற எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. கருவி கையில் இல்லாதபோது, கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

புதியவர்கள் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. 30 டெசிபல் குறைக்கிற இயர் பிளக்கை 8 மணி நேர ஷிப்டில் அரை மணி நேரம் மட்டும் கழற்றினால், மொத்தத்தில் கிடைக்கிற பாதுகாப்பு 12 டெசிபல்தான். அதனால் அதிகம் குறைக்கிற பிளக்கைத் தேடுவதைவிட, காதில் வலிக்காமல் நாள் முழுக்க இருக்கிற பிளக்கைக் கொடுங்கள்.

தின்னரில் கை கழுவுவது

சோப்பு வாங்கிக் கொடுங்கள்.

வாடை இல்லை, அதனால் வாயு இல்லை என்று நம்புவது

ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை மாதிரி நாறும். ஆனால் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும். நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. மூடிய தொட்டி, குழி எதுவானாலும் வாயு அளக்கும் கருவியை முதலில் இறக்குங்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதும், அவரும் விழுவதும் திரும்பத் திரும்ப நடக்கிறது. இறங்குகிறவர் உடம்பில் தோளையும் தொடையையும் சேர்த்துக் கட்டுகிற முழு உடல் பட்டையும் கயிறும், வெளியே நின்றபடியே தூக்குவதற்கு ஏற்பாடும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

வேலை உடையோடு வீட்டுக்குப் போவது

ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவர்களின் உடையைத் துவைத்த மனைவிமாருக்கே மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்திருக்கிறது. ஈயத் தூசி அப்பாவின் சட்டையிலிருந்து குழந்தையின் ரத்தத்துக்குப் போகும். உடை மாற்ற இடமும் குளிக்க வசதியும் பட்டறையிலேயே இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் வேலையைச் சொல்லாமல் விடுவது

தொழில் நோய்கள் பற்றி 1700-இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, நோயாளியிடம் "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்கச் சொன்னார். இன்றும் அந்தக் கேள்வி பல இடங்களில் விடுபட்டுப்போகிறது. கேட்டாலும் "கம்பெனி வேலை" என்ற பதிலோடு முடிந்துவிடுகிறது. அந்த அண்ணனின் முதல் மருத்துவச் சீட்டைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று இருந்தது. கல் அறுக்கிறவர் என்று எழுதியிருந்தால் சிலிக்கோசிஸையும் அப்போதே தேடியிருப்பார்கள்.

உங்கள் ஆட்களுக்கு ஒரு தாள் தயாரித்துக் கொடுங்கள். எந்தப் பொருளோடு வேலை, எந்த மெஷின், எத்தனை வருடம், இதற்கு முன் எங்கெங்கே என்ன வேலை, விடுமுறை நாளில் தொந்தரவு குறைகிறதா என்று அதில் இருக்கட்டும். கடைசிக் கேள்வி முக்கியம். பஞ்சுத் தூசியால் வருகிற பிசினோசிஸில், விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாள்தான் நெஞ்சு இறுகும். மருத்துவர் அதைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது, நோயாளி சொல்ல வேண்டும். அந்த இளைஞரிடம் நான் அன்று இரண்டு வேலை சொல்லிவிட்டு வந்தேன். ஒன்று இந்தத் தாள், இன்னொன்று தண்ணீர்க் குழாய்க்கான மதிப்பீடு.