மலிவு விலையில் மெட்டலுக்கு ஏழு கம்பி கிட்டார்: ஏழாவது கம்பியிலிருந்து பாருங்கள்

ஏழு கம்பி எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கக் கடைக்குப் போகிற பலரும், கையில் எடுத்ததும் மெல்லிய கம்பிகளில் வேகமாக நாலு வரி வாசித்துப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். யோசித்துப் பார்த்தால் அந்த ஆறு கம்பிகளும் ஏற்கெனவே வீட்டில் உள்ள சாதாரண கிட்டாரில் இருக்கின்றன. கூடுதலாகக் காசு கொடுப்பது மேலே இருக்கிற அந்த ஒரு தடித்த கம்பிக்கு. விலை குறைந்த கிட்டார்கள் சொதப்புவதும் பெரும்பாலும் அந்தக் கம்பியில்தான். அதனால் இந்த விளக்கம் முழுக்க ஏழாவது கம்பியைச் சுற்றியே போகும்.

ஏழு கம்பி கிட்டார் மெட்டல் இசைக்காகப் பிறந்ததல்ல. ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் வான் எப்ஸ் 1930களின் கடைசியிலேயே அதை வாசித்தார். ராக் உலகத்துக்கு அது பெரிய அளவில் வந்தது 1990இல், ராக் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் நிறுவனம் வெளியிட்ட யுனிவர்ஸ் மாடலோடு. நான்கு ஆண்டு கழித்துக் கலிஃபோர்னியாவின் கோர்ன் குழு தன் முதல் ஆல்பத்தில் அதே வகைக் கிட்டாரை இன்னும் ஒரு முழு சுரம் இறக்கி வாசித்த பிறகுதான் மெட்டல்காரர்கள் அதை மொத்தமாகத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

1. எந்தச் சுருதி வேண்டும்?

கிட்டாரைப் பார்ப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். வழக்கமான ஏழு கம்பிச் சுருதி, தடித்ததிலிருந்து மெல்லியதுக்கு, பி–இ–ஏ–டி–ஜி–பி–இ. பழகிய ஆறு கம்பிகள் அப்படியே இருக்க, ஒலியில் அவற்றுக்குக் கீழே ஒரு பி சேர்கிறது. அந்த பி மட்டும் ஏ-வுக்கு இறங்கினால் 'டிராப் ஏ'. பவர் கார்டை (இரண்டு சுரம் சேர்ந்த கனத்த ஒலி) ஒரே விரலால் பிடிக்கலாம் என்பதால் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் வரி) வாசிப்பவர்களுக்கு இது செல்லம். ஏழு கம்பிகளையும் ஒரு முழு சுரம் இறக்கினால் கோர்ன் பாணி.

டிராப் சி, டிராப் டி அளவுக்கு மட்டும் இறங்கப் போகிறவருக்கு ஏழு கம்பி தேவையில்லை. இருக்கிற கிட்டாரில் தடித்த கம்பி செட் ஒன்று போட்டால் போதும். இந்த இடத்தில் திரும்பிப் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை, பணம் மிச்சம்.

2. ஸ்கேல் நீளம்

நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பிகள் படியும் பள்ளமுள்ள துண்டு) பிரிட்ஜ் (உடல்பக்கம் கம்பிகள் ஊன்றும் தாங்கி) வரை கம்பி அதிர்கிற நீளத்தைத்தான் ஸ்கேல் என்கிறார்கள். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் 25.5, 26.5, 27 அங்குலம். ஒரு அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டால் தெரியும்.

கம்பியின் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 59 கேஜ் (0.059 அங்குலத் தடிமன்) கம்பியை பி-க்கு ஏற்றினால் 25.5 அங்குலத்தில் ஏறத்தாழ ஏழரை கிலோ இழுக்கும். 26.5இல் அது எட்டு கிலோவைத் தொடும், 27இல் எட்டே கால் கிலோவைத் தாண்டும். சாதாரண ஆறு கம்பி கிட்டாரில் 46 கேஜ் இ கம்பியும் கிட்டத்தட்ட எட்டு கிலோதான் இழுக்கிறது. அதாவது 26.5 அங்குல கிட்டாரில் கீழ் பி உங்கள் கைக்குப் பழகிய இ கம்பி போலவே விறைப்பாக இருக்கும். 25.5இல் கொஞ்சம் தளர்வாகத் தெரியும். அதையே ஏ-வுக்கு இறக்கினால் ஆறு கிலோகூட இருக்காது. வேகமாக பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அடக்கி மீட்டுவது) செய்யும்போது கம்பி தொளதொளவென்று ஆடும், அழுத்திப் பிடித்தாலே சுருதி மேலே ஏறும்.

இதற்காக 25.5ஐ ஒதுக்கிவிட வேண்டாம். 64 கேஜ் கம்பி போட்டால் ஏ சுருதியிலும் ஏழு கிலோவை ஒட்டி வந்துவிடும். நீண்ட ஸ்கேலுக்கும் ஒரு விலை உண்டு: ஃப்ரெட்டுகளின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) இடைவெளி கூடும், மெல்லிய கம்பிகளை வளைப்பது கடினமாகும். பி சுருதியோடு நிற்கிறவருக்கு 25.5 போதும். டிராப் ஏ-வில் குடியிருக்கப் போகிறவர் 26.5ஐத் தேடட்டும்.

கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. அளவு நாடாவை எடுத்துப் போய் நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 12.75 வந்தால் 25.5, 13.25 வந்தால் 26.5.

தடித்த கம்பிக்கு நீளமும் மெல்லிய கம்பிக்குக் குறைவுமாக, ஃப்ரெட்டுகள் விசிறிபோல் விரிந்த மல்டிஸ்கேல் கிட்டார்களும் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் முதல் ஏழு கம்பியே அதுவாக இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே நேரத்தில் இரண்டு புதுப் பழக்கம் எதற்கு?

3. பிரிட்ஜ்: அசையாததை வாங்குங்கள்

இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். என் முதல் ஏழு கம்பி பழையதாக வாங்கியது, கைப்பிடியால் பிரிட்ஜை அசைத்துச் சுருதியை வளைக்கிற மிதக்கும் டிரெமலோ உள்ளது. பார்க்க அட்டகாசமாக இருந்தது. ஒருநாள் பி-யை ஏ-வுக்கு இறக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு கம்பி தளர்ந்ததும் பின்னால் உள்ள ஸ்பிரிங்குகள் பிரிட்ஜை இழுத்துக்கொண்டன, மற்ற ஆறும் மேலே ஏறின. அவற்றை இறக்கினால் ஏழாவது மறுபடி மாறிவிட்டது. முக்கால் மணி நேரம் போராடி, கடைசியில் வாசிக்கவே இல்லை.

மிதக்கும் பிரிட்ஜில் முன்பக்கம் கம்பிகளும் பின்பக்கம் ஸ்பிரிங்குகளும் தராசுத் தட்டுபோல இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று மாறினால் எல்லாம் மாறும். போதாக்குறைக்கு, விலை குறைந்த டிரெமலோக்களில் அது சாய்ந்து நிற்கிற கூர்முனை மென்மையான உலோகத்தில் இருக்கும். தேய்ந்துபோனால் பிறகு எவ்வளவு திருகினாலும் சுருதி பழைய இடத்துக்கு வராது. நல்ல டிரெமலோ நல்ல விலைக்குத்தான் கிடைக்கும். அதே பட்ஜெட்டில் அசையாத பிரிட்ஜ் உள்ள கிட்டார் எடுத்தால் அந்தக் காசு மற்ற பாகங்களுக்குப் போகும்.

4. கழுத்து

ஏழு கம்பி கிட்டார்களில் நட் சுமார் 48 மில்லிமீட்டர் அகலம், ஆறு கம்பியில் 42, 43. உட்கார்ந்தும் நின்றும் ஏழாவது கம்பியின் முதல் ஃப்ரெட்டைப் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் இன்னும் மெல்லிய கழுத்துள்ள மாடலைத் தேடுங்கள். கை சின்னது என்று பயப்பட வேண்டாம், கட்டை விரலைக் கழுத்துக்குப் பின்னால் நடுவில் வைத்தால் பெரும்பாலோருக்கு எட்டிவிடும்.

5. பிக்கப்பைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம்

கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பைப் பிறகு மாற்றலாம், ஸ்கேலை மாற்ற முடியாது. ஒரே ஒரு எச்சரிக்கை: சாதாரண ஹம்பக்கருக்கான (இரட்டைச் சுருள் பிக்கப்) குழியும் செவ்வகப் பெட்டி போன்ற ஆக்டிவ் பிக்கப்புக்கான குழியும் ஒரே அளவு அல்ல. பிற்காலத்தில் ஈஎம்ஜி போன்ற ஒன்று போடும் எண்ணம் இருந்தால் இப்போதே குழியைப் பார்த்து வாங்குங்கள். ஆக்டிவ் வகைக்கு 9 வோல்ட் பேட்டரியும் வேண்டும்.

6. கடையில் சோதனை

முதலில் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த கம்பியில் எதைச் சோதித்தாலும் வீண். பிறகு ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் ஏழாவது கம்பியை ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டுங்கள். எல்லா இடத்திலும் லேசான 'ஸ்ர்ர்' என்றால் செட்டப்பில் (கம்பி உயரம், கழுத்து வளைவு போன்றவற்றைச் சரிப்படுத்துவது) சரியாகும். ஓரிரண்டு ஃப்ரெட்டில் மட்டும் ஒலி செத்துப்போனால் அதற்கு அடுத்து பிரிட்ஜ் பக்கம் உள்ள ஃப்ரெட் மேடாக இருக்கலாம், அந்தக் கிட்டார் வேண்டாம்.

அடுத்து 12ஆவது ஃப்ரெட். அதன் நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு மீட்டினால் ஹார்மோனிக் ஒலிக்கும். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டையும் சுருதி காட்டும் ட்யூனர் கருவியில் பாருங்கள், ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது மேலே போனால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சிறு துண்டான சாடிலைப் பின்னால் நகர்த்த வேண்டும். மலிவான கிட்டார்களில் சில சமயம் ஏழாவது சாடில் ஏற்கெனவே பின் எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கும், நகர இடமே இருக்காது. குனிந்து பாருங்கள், இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

தலைப்பகுதியில் உள்ள சுருதிச் சாவியைத் திருப்பும்போது தடித்த கம்பி 'டிங்' என்று குதித்துச் சுருதி ஏறினால் நட்டின் பள்ளம் குறுகல். இது சின்ன வேலை, விலை பேச உதவும். பழைய கிட்டார் என்றால் தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில் விரிசலைத் தேடுங்கள், கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் திருகு திரும்புகிறதா என்று விற்பவர் முன்னாலேயே பாருங்கள்.

7. எந்த மாடல்?

ஆரம்ப விலையில் ஐபனெஸ் ஜிஆர்ஜி 7221: 25.5 அங்குலம், அசையாத பிரிட்ஜ், 24 ஃப்ரெட். எளிமையானது, முதல் ஏழு கம்பியாகக் குறை சொல்ல முடியாது. ஒரு படி மேலே போனால் அதே அளவில் ஆர்ஜி 7421. நீண்ட ஸ்கேல் வேண்டுமென்றால் ஷெக்டர் ஒமென்-7, அது 26.5. ஜாக்சனின் ஜேஎஸ் வரிசையிலும் ஏழு கம்பி மாடல்கள் உண்டு. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஜெர்மனியின் தோமான் கடை தன் சொந்த பிராண்டாக விற்கும் ஹார்லி பென்டன் மிகவும் மலிவு. இந்தியாவுக்கு வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்து அந்த மலிவைத் தின்றுவிடும், முதலில் கூட்டிப் பாருங்கள்.

கையில் இருக்கிற முழுத் தொகையையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கை ஒரு கம்பி செட்டுக்கும் செட்டப்புக்கும் ஒதுக்குங்கள். செட்டப் செய்த மலிவுக் கிட்டார், செட்டப் செய்யாத விலையுயர்ந்ததைவிட நன்றாக வாசிக்கும்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

கம்பி வாங்கும்போது உறையில் கடைசி எண்ணைப் பாருங்கள். 10–56 என்பதும் ஏழு கம்பி செட்தான், ஆனால் 25.5இல் பி தொங்கும். 10–59இலிருந்து தொடங்குங்கள். கேஜ் மாறினால் கழுத்தின் வளைவும் மாறும், அதனால் செட்டப்பை அந்தக் கம்பியோடுதான் செய்ய வேண்டும்.

பிறகு ஆம்பில் செருகுவீர்கள், சத்தம் கொழகொழவென்று வரும். கிட்டாரைத் திட்ட வேண்டாம். கீழ் பி-யின் அதிர்வெண் 61.7 ஹெர்ட்ஸ், பாஸ் கிட்டாரின் ஏ கம்பி 55. அவ்வளவு கீழே இருக்கிற ஒலியைச் சின்னப் பயிற்சி ஆம்பின் ஸ்பீக்கரால் ஒழுங்காகத் தர முடியாது. பாஸைப் பாதியாகக் குறையுங்கள், மிட்டைக் கூட்டுங்கள், கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் திருகு) நினைத்ததைவிட இரண்டு புள்ளி இறக்குங்கள். டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல் இருந்தால் டிரைவைச் சுழியத்திலும் லெவலை உச்சத்திலும் வைத்து ஆம்புக்கு முன்னால் போடுங்கள். அந்தப் பெடல் கீழ் ஒலிகளை இயல்பாகவே குறைத்துவிடும், ரிஃப் சட்டென்று இறுகும்.

முதல் வாரம் இ கம்பி என்று நினைத்து விரல் பி-யில் போய் விழுந்துகொண்டே இருக்கும். பவர் கார்டு எல்லாம் ஒரு கம்பி தள்ளி ஒலிக்கும். எனக்குப் பத்து நாள் ஆனது. அதற்குப் பிறகு பழைய ஆறு கம்பியை எடுத்தால் அதில் தடுமாறினேன்.