சேர்ந்திருந்து தியானம்: திருகோணமலையில் ஒரு சிறு குழு தொடங்க

தியானத்தில் நெஞ்சு திறக்கும் கணத்தை யாராலும் நேரம் குறித்து வரவழைக்க முடியாது. அது வரும்போது குறுக்கே நில்லாமலிருக்கவும், வந்த பின் அதைப் பேசிப் பேசிக் கெடுக்காமலிருக்கவும் ஓர் ஒழுங்கு வேண்டும். 5 பேர் போதும், தொடங்கலாம்.

கோணேசர் மலையில் இருக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. தனியே போய் இருப்பதற்கு அதைவிட நல்ல இடம் ஏது? ஆனால் விடுமுறை நாட்களில் யாத்திரை பஸ்கள் வந்துகொண்டே இருக்கும். குழுவுக்கு வீட்டு விறாந்தையோ கோயில் மடமோதான் சரி. நேரம் விடிய 5.15. கச்சான் வீசும் மாதங்களில் 8 மணிக்கே உடம்பு எரியத் தொடங்கிவிடும். மாரியில் பாய்க்குக் கீழே படங்கு விரியுங்கள், இல்லாவிட்டால் ஈரம் ஏறும். நுளம்புச் சுருளை அரை மணித்தியாலம் முன்பே கொளுத்தி, இருக்கும்போது வெளியே வைத்துவிடுங்கள். மூச்சு மெலியும் நேரத்தில்தான் அந்தப் புகை இருமலைக் கிளப்பும். போயா (பௌர்ணமி) தினங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் விடுமுறை என்பதால், மாதத்தில் ஒரு நீண்ட அமர்வை அன்றைக்கு வைக்கலாம்.

இடுப்பு முழங்காலைவிட உயர்ந்திருக்க வேண்டும். போர்வையை நாலு விரல் உயரத்துக்கு மடித்து அதன் முன்விளிம்பில் இருங்கள். தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் நரம்பு அழுந்துவதால்தான் கால் விறைக்கிறது. அதில் ஆன்மிகம் எதுவும் இல்லை. விறைத்த காலோடு சட்டென்று எழும்பினால் விழுவீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கதிரையில் சாயாமல், பாதம் தரையில் பட இருக்கட்டும். கதிரையில் இருப்பவரைக் குறைவாகப் பார்க்கும் குழு உருப்படாது.

முதலில் சம்பந்தர் கோணமாமலைக்குப் பாடிய பதிகத்தில் ஒரு பாட்டு, மெதுவாக. பாடும்போது வெளிமூச்சு தானாக நீளும், உடம்பு அடங்கும். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. வேறு சமயத்தவர் வந்திருந்தால் வாய்மூடி ‘ம்’ என்று முனகுவதே போதும்.

பிறகு 20 நிமிடம் மௌனம், புதியவர்களுக்கு 10. ஒருவர் மட்டும் மணி அடித்து நேரம் பார்க்கட்டும், மற்றவர்களின் போன்கள் வெளியே இருக்கட்டும். மூச்சை மாற்றாமல், வெளிமூச்சை மட்டும் 1 முதல் 10 வரை எண்ணுங்கள். தவறினால் மீண்டும் 1. திருமந்திரத்தில் பூரகம் (மூச்சை உள்ளிழுப்பது) 16, கும்பகம் (உள்ளே நிறுத்துவது) 64, இரேசகம் (வெளிவிடுவது) 32 மாத்திரை நேரம் என்று கணக்கு இருக்கிறது. குரு பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். வேகமாக ஆழ மூச்சு விட்டாலும் ஆபத்து: இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து உதடும் விரல் நுனியும் சிலிர்க்கும், தலை மிதக்கும். குண்டலினி எழும்பிவிட்டது என்று பலர் நம்புவது இதைத்தான். மூச்சை இயல்புக்கு விட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் அடங்கினால் அது வெறும் மூச்சின் வேலை.

கண்ணீர் வரலாம். மூடிய கண்ணுக்குள் வெளிச்சம், உடம்பின் எல்லை கரைவது போன்ற உணர்வு, காரணமில்லாத நிறைவு, இவையும் வரலாம். வந்ததை அறிந்துகொண்டு அடுத்த மூச்சுக்குத் திரும்புங்கள். மறுநாள் அதையே தேடினால் கிடைக்காது, ஏனென்றால் கவனம் மூச்சில் இல்லை, நேற்றைய நினைவில் நிற்கிறது. அது உண்மையா என்பதை வீட்டிலுள்ளவர்களோடு நீங்கள் பேசும் பேச்சு, சில கிழமைகள் போனபின், காட்டிவிடும்.

மௌனம் முடிந்ததும் அவரவருக்கு நடந்ததைச் சொல்லும் பகிர்வு. அதில்தான் குழுக்கள் வளர்வதும் உடைவதும். ஆளுக்கு 2 நிமிடம். பேச விருப்பமில்லாதவர் கைகூப்பிவிட்டு அடுத்தவருக்கு விடலாம். நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும், அதன் அர்த்தத்தை அல்ல. “நெஞ்சு சூடாகியது, பிறகு அழுகை வந்தது” என்பது பகிர்வு. “அம்மன் இறங்கிவிட்டா” என்பது தீர்ப்பு. யாரும் விளக்கம் சொல்லவோ பாராட்டவோ கூடாது. ஒருவர் பெரிய அனுபவம் சொல்லி எல்லாரும் வியந்தால், அடுத்த கிழமை மூன்று பேர் வெளிச்சம் காண்பார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றில்லை; மனம் கேட்டதைக் காட்டும். ஆகவே, ஒன்றும் நடக்காதவரை முதலில் பேசவிடுங்கள். வயதில் மூத்தவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால், மரியாதைக்காக இளையவர்கள் தங்கள் சொல்லை அவர் சொல்லுக்கு ஏற்ப வளைத்துக்கொள்வார்கள். அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது.

இந்த ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. போரையும் 2004 சுனாமியையும் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கண்ணை மூடி அலைச்சத்தம் கேட்பது சிலருக்கு அமைதி, சிலருக்கு நடுக்கம். கண்ணை அரைவாசி திறந்திருக்கலாம், வாசலுக்கருகே இருக்கலாம், எழுந்து போகலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பயம் பிடித்தவரைத் தொடாமல், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, எதிரே தெரியும் 5 பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பல இரவுகள் தூக்கமில்லாமல் போனாலோ குரல்கள் கேட்டாலோ தியானத்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 1926. வைத்தியர் தந்த குளிசையை நிறுத்தச் சொல்ல குழுவில் யாருக்கும் உரிமை இல்லை.

12 பேரைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். பகிர்வு நீண்டால், கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள்தான் முதலில் நின்றுவிடுவார்கள்.