வசனக் கணக்கில் புள்ளி போகும் இடங்கள்

வசனக் கணக்கில் பிழை விடும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கூட்டல், பெருக்கல் எல்லாம் தெரியும். வசனத்தைச் சமன்பாடாக மாற்றும் இடத்திலேயே பிழை நடந்துவிடுகிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம்.

மருதமுனையில் ஒரு கைத்தறிச் சாறியின் விலை, ஒரு சாரத்தின் விலையின் 3 மடங்கிலும் 200 ரூபா குறைவு. இரண்டுக்கும் சேர்த்து 5000 ரூபா. சாறி என்ன விலை?

‘சாரம் = x’ என்று தொடங்காதீர்கள். x துணி அல்ல, விலை. ‘சாரத்தின் விலை x ரூபா’ என்று முழுதாக எழுதுங்கள். எதனோடு ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறதோ அதை x ஆக எடுப்பது வசதி. சாறியை x என்று எடுத்தாலும் விடை வரும். ஆனால் பின்னம் வந்து தொல்லை தரும்.

அப்போது சாறியின் விலை 3x − 200. எதிலிருந்து எது குறைகிறது என்று பார்க்காமல் 200 − 3x என்று எழுதுபவர்களும் உண்டு.

x + 3x − 200 = 5000
4x = 5200
x = 1300

‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்று பாடமாக்கியவர்கள்தான் பரீட்சை அவசரத்தில் 4x = 4800 என்று எழுதுகிறார்கள். இரு பக்கமும் 200 ஐக் கூட்டுகிறோம் என்று நினைத்துச் செய்தால் இந்தப் பிழை வராது. 1300 வந்ததும் பேனையை மூடிவிடவும் வேண்டாம். கேட்டது சாறியின் விலை: 3700 ரூபா.

சரி, விடையைச் சரிபார்ப்பது எப்படி? இதில்தான் கெட்டிக்காரர்களும் ஏமாறுகிறார்கள். ஒருவர் தவறுதலாக 3x + 200 என்று எழுதியிருந்தால் x = 1200, சாறி 3800. கூட்டினால் அச்சொட்டாக 5000! ஆனால் 1200 இன் 3 மடங்கு 3600. 3800 அதைவிடக் கூடுதல்; வினாவிலோ குறைவு என்றிருக்கிறது. ஆகவே நீங்கள் எழுதிய சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்ப்பது போதாது. வினாவின் ஒவ்வொரு வசனத்தோடும் விடையைப் பொருத்திப் பாருங்கள்.

சதவீதக் கணக்கிலும் இதே சோதனை கைகொடுக்கும். நெல் மூடையின் விலை 25% கூடி 5000 ரூபா ஆனதென்றால், 5000 இல் 25% ஐக் கழித்து 3750 என்பார்கள். 3750 ஐ 25% கூட்டினால் 4687.50 தான் வரும். கூடியது பழைய விலையில்; எனவே 1.25x = 5000, x = 4000.

மட்டக்களப்பிலிருந்து போகும்போது மணிக்கு 30 கிலோமீற்றர், அதே பாதையில் திரும்பும்போது 60 என்றால் சராசரி வேகம் 45 அல்ல. ஒரு வழித் தூரத்தை 60 கிலோமீற்றர் என்று வைத்துப் பாருங்கள்: போக 2 மணி, வர 1 மணி. 3 மணித்தியாலத்தில் 120 கிலோமீற்றர், ஆக சராசரி 40. தூரம் எதுவானாலும் இதுதான் வரும்.

காணிக் கணக்கென்றால் அலகைப் பாருங்கள். 1 ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஒன்றரை ஏக்கரை 3 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு 0.5 ஏக்கர், அதாவது 80 பேர்ச்சஸ். தசமத்தைப் பார்த்ததும் 50 என்று எழுதிவிடாதீர்கள்.