1098-டி படிவம்: வரவில்லை என்று பதறும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிகள், ஒரு காலண்டர் ஆண்டில் மாணவருக்காகப் பெற்ற கல்விக் கட்டணத்தைக் காட்டும், கல்வி வரிச்சலுகை கோர உதவும் 1098-டி படிவத்தை அடுத்த ஆண்டு ஜனவரி 31-க்குள் அவருக்கு வழங்க வேண்டும். அந்த நாள் சனி, ஞாயிறாக அமைந்தால் அடுத்த வேலை நாள் வரை அவகாசம் உண்டு. பிப்ரவரி பிறந்தும் தபாலில் எதுவும் வரவில்லை என்று கல்லூரியைக் குறைகூறுவோர், சேர்க்கையின்போது மின்னணுப் படிவத்துக்குச் சம்மதம் தந்ததை மறந்திருக்கலாம். அப்படியானால் படிவம் கல்லூரி இணையதளத்தின் மாணவர் கணக்குப் பக்கத்தில் காத்திருக்கும்.

எல்லா மாணவருக்கும் இதைத் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கட்டணம் முழுவதும் உதவித்தொகையால் அடைபட்டவர்களுக்கும், பட்டத்துக்கான மதிப்பீட்டுப் புள்ளி (கிரெடிட்) இல்லாத வகுப்புகளில் படிப்பவர்களுக்கும் விலக்கு உண்டு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செல்லும் தமிழக மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரிக்கணக்கில் வெளிநாட்டினராகவே கருதப்படுவதால், அவர்கள் கேட்டாலொழியக் கல்லூரி படிவம் தர வேண்டியதில்லை. கேட்டு வாங்கினாலும், அந்த நிலையில் உள்ளவர் பொதுவாகக் கல்வி வரிச்சலுகையைக் கோர முடியாது. அறைத்தோழர் கோரினார் என்பதற்காக, வரிக்கணக்கில் வெளிநாட்டினருக்கான 1040-என்ஆர் வரிப் படிவத்துக்குப் பதிலாக, உள்நாட்டினருக்கான 1040-ஐத் தாக்கல் செய்துவிட்டுப் பிறகு திருத்தத்துக்கு அலைவது வீண் வேலை.

அதிகம் குழப்புவது ஆண்டுக் கணக்குதான். 2025 ஜனவரியில் தொடங்கும் பருவத்துக்கான 6,000 டாலரை 2024 டிசம்பர் 20-ஆம் தேதி செலுத்தியிருந்தால், அது 2024-க்கான 1098-டி படிவத்தின் முதல் கட்டத்தில் (பெட்டி 1) சேர்ந்துவிடும். அடுத்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் தொடங்கும் பருவத்துக்கான பணமும் அதில் உண்டு என்பதற்கு அடையாளமாக ஏழாம் கட்டத்தில் குறி இருக்கும். அதே தொகையை ஜனவரி 5-இல் கட்டியவருக்கு அது 2025 கணக்கு. எனவே கடைசிப் பருவக் கட்டணத்தை டிசம்பரிலேயே கட்டிவிட்டு மே மாதம் பட்டம் பெறுபவருக்கு, அந்த ஆண்டுக்கான படிவமே வராமல் போகலாம். கல்லூரி மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

முதல் கட்டத் தொகையை அப்படியே வரிக்கணக்கில் எழுதுவதும் தவறு. ஐந்தாம் கட்டத்தில் உள்ள உதவித்தொகையைக் கழித்துப் பார்க்க வேண்டும்; அது கட்டணத்தை மிஞ்சினால் மிஞ்சிய பகுதி வரிக்குரிய வருமானமாகவும் ஆகலாம். விடுதி, உணவு, காப்பீட்டுச் செலவுகளுக்குச் சலுகை கிடையாது. மாறாக, பாடநூல்களை வெளிக்கடையில் வாங்கியிருந்தாலும், படிவத்தில் இல்லாத அந்தச் செலவை, 2,500 டாலர் வரை கிடைக்கும் ‘அமெரிக்க வாய்ப்புச் சலுகை’ என்ற கல்வி வரிச்சலுகையில் சேர்க்கலாம்.

தொகை தவறாக இருந்தால் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ் அதைத் திருத்தித் தராது. கல்லூரியின் கட்டணப் பிரிவிடம்தான் திருத்திய படிவம் கேட்க வேண்டும்.